மாமிக்குச் சிறகில்லை என்று சொன்ன மருமகன்

தெரியாத விஷயத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம். நன்றாகத் தெரிந்த விஷயத்திலும் ஒருவன் அடக்கமாக இருந்துவிடலாம். பாதி தெரிந்ததுதான் ஆபத்து. அது தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டு 'சொல், சொல்' என்று பிடுங்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது நான் நுணலைப் பார்த்துச் சிரித்தவன். இப்போது சிரிப்பதில்லை. ஜெர்மனியில் ஹாம் நகரத்தில் இருக்கும் என் மனைவி வீட்டில் என்னைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முதலில் ஒரு பூச்சி வரும், அடுத்து போலீஸ் வரும், அதற்குப் பிறகுதான் நான் வருவேன்.

பூச்சி என்றால் எனக்குக் கோவில்பட்டியில் இரண்டே வகைதான்: கடிப்பது, கடிக்காதது. மூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் ஆராய்ச்சி வேலைக்கு வந்த பிறகுதான் மூன்றாவதாக ஒன்று இருப்பது தெரிந்தது. ஜெர்மன்காரர்கள் டார்ச் அடித்துக்கொண்டு காட்டுக்குள் தேடிப் போவது. எங்கள் ஆய்வகத்தில் மார்ட்டின் என்று ஒருவன். வாரம் முழுக்க என்னோடு லேசர் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். சனிக்கிழமை சாயங்காலமானால் பழைய பியரில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சிக் கலந்து, பெயின்ட் பிரஷ்ஷால் மரங்களுக்குப் பூசுவான். அந்த வாசனைக்கு அந்துப்பூச்சிகள் வருமாம். (எங்கள் ஊரில் மரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். இவன் ஊற்றிக் கொடுக்கிறான்.) தனியாக இருக்கிறேனே என்று இரக்கப்பட்டு என்னையும் கூட்டிப் போனான். நான் பிரஷ் பிடித்தேன். நாலைந்து சனிக்கிழமைகள் பிரஷ் பிடித்ததிலேயே நான் பூச்சி நிபுணனாகிவிட்டேன்.

அப்படிக் கற்றதில் ஒன்று மட்டும் என் மனதில் பச்சை குத்தியதுபோல் பதிந்துவிட்டது. மற்ற பூச்சிகள் எல்லாம் குளிருக்குப் பயந்து ஒடுங்கிப்போன பிறகு, இலை உதிர்ந்த காட்டில் ஒரு சின்னச் சாம்பல் நிற அந்து பறக்கும். ஜெர்மனில் அதற்கு ஃப்ரோஸ்ட்ஷ்பானர் என்று பெயர். நாம் பனி அந்து என்று வைத்துக்கொள்வோம். அதில் பறப்பது ஆண் மட்டும்தான். பெண்ணுக்குச் சிறகு கிடையாது, சிறகு இருக்கவேண்டிய இடத்தில் பேருக்கு ஒரு துணுக்கு. அது மண்ணிலிருந்து வெளியே வந்து மரத்தில் மெதுவாக நடந்து ஏறும். ஆண்தான் குளிரில் அலைந்து அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

இனி மனைவி வீட்டைச் சொல்லவேண்டும். யாழினி ஹாமில் பிறந்து வளர்ந்தவள், மூனிக்கில் படிக்க வந்த இடத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள். மாமா கம்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியாவிலிருந்து ஒருவன் பெண் கேட்டு வருகிறான் என்றதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்களாம். மாமி என்னை ஒரு வேளை சாப்பிட வைத்துப் பார்த்துவிட்டு, “கறியைப் பிசைஞ்சு சாப்பிடத் தெரிஞ்ச பிள்ளை, அது காணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் (காணும் என்றால் போதும்). அதற்கு மேல் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த மாமி ஒக்டோபர் தொடக்கத்தில் இறந்துபோனார். காலையில் சந்தைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றவர், மத்தியானம் ஆஸ்பத்திரியில் உயிரோடு இல்லை. மாமா அழவில்லை. பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு இரண்டையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். யாழினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினாள். மாமியின் தங்கை மங்கை சின்னம்மா டோட்முண்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். மாமாவை ஒரு தட்டுச் சோறு சாப்பிட வைப்பது, அதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேலையாக இருந்தது. புட்டு, இடியப்பம், தோசை, ஜெர்மன் ரொட்டி எல்லாம் மேசைக்கு வந்து, வந்த வழியே திரும்பின. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். சட்டைக் காலருக்குள் கழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நானும் ரயிலேறிப் போனேன். ஐயர் வந்து கிரியைகள் முடித்தார். மாமிக்குப் பிடித்தவற்றை இலையில் படைத்தோம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டு, மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். காக்கைக்கு வைத்த சோறு பால்கனியில் அப்படியே காய்ந்தது. (ஜெர்மன் காக்கைகள் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முந்தின நாள் விழுந்த பிட்சாத் துண்டைத் தேடிப் போய்விடுகின்றன.) அது மாமாவுக்கு உள்ளுக்குள் குறையாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாலைந்து தடவை பால்கனிக் கதவுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. குசினியில், அதாவது சமையலறையில், மாமா, சின்னம்மா, யாழினி, நான் மட்டும். சின்னம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழாயை மூடினார்.

“அத்தான், இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு அந்துப்பூச்சி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமா வேலை முடிந்து வருகிறாரா என்று பார்க்கும் அதே ஜன்னல்.

“அக்கா வந்திருக்கிறா” என்றார் சின்னம்மா. இறந்தவர்கள் வீட்டைப் பார்க்கப் பூச்சியாய் வருவார்கள் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

மாமா எழுந்து வந்தார். கண்ணாடிக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலடியில் உட்கார்ந்துகொண்டு, “வந்திட்டீரோ” என்றார். ஒரு மாதத்தில் நான் கேட்ட அவருடைய முதல் முழுக் குரல் அது.

“வெளியிலை குளிருக்கை நிக்கிறா. ஜன்னலைத் திறந்து விடுவமோ?” என்று கேட்டார் சின்னம்மா.

“வேண்டாம். ஹைட்சுங் போட்டிருக்கு. ஜன்னலைத் திறந்தால் அவ ஏசுவா.”

ஹைட்சுங் என்பது வீட்டுக்குள் சூடேற்றும் கருவி. அது ஓடும்போது ஜன்னலைத் திறக்கக்கூடாது என்பது மாமி அந்த வீட்டுக்கு இயற்றிய முதல் சட்டம். யாழினி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திரும்பிக்கொண்டாள். சின்னம்மா சமயம் பார்த்து ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டு மாமாவின் மடியில் வைத்தார். மாமா பூச்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மருமகன் என்ன செய்வான்? கண்ணைத் துடைத்துக்கொள்வான். முடிந்தால் கொஞ்சம் ரசம் எடுத்து வைப்பான். நான் போனை எடுத்து அந்தப் பூச்சியைப் படம் பிடித்தேன். பூச்சி அடையாளம் காட்டும் ஆப் ஒன்று வைத்திருந்தேன். அது 'பனி அந்தாக இருக்கலாம்' என்றது. 'இருக்கலாம்' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை.

“மாமா, இது ஃப்ரோஸ்ட்ஷ்பானர்” என்றேன்.

“என்ன தம்பி?”

“இந்தப் பூச்சியோட பேரு மாமா. நவம்பர்ல பறக்கும். இங்க காட்டுல ரொம்பக் காமன். ஆனா இது ஆண். பறக்குறது எல்லாமே ஆண்தான். பொம்பளைப் பூச்சிக்கு றெக்கையே கிடையாது.”

மாமா என்னைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“ஆம்பிளையோ?”

“கன்ஃபார்ம் மாமா.”

“அப்ப ஆர் வந்து நிக்கிறது?” என்று கேட்டார் சின்னம்மா. அந்தக் கேள்விக்கு என் ஆப்பில் பதில் இல்லை.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தட்டை எடுத்துப் போய்க் கழுவும் தொட்டிக்குள் மெதுவாக வைத்தார். “ஆரோ ஒரு ஆள் வழி மாறி வந்திட்டார் போலை” என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். வெளிச்சம் போனதும் பூச்சியும் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். தாழியை உடைத்தவனை நேரில் பார்த்தவர்கள் அந்தக் குசினியில் மூன்று பேர்.

யாழினி என்னை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“உங்களுக்கு என்ன விசரோ? ஒரு மாசத்துக்குப் பிறகு அப்பா கோப்பையிலை கை வைச்சவர்.” (யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் தட்டு. கல்யாணமான புதிதில் கோப்பையில் சோறு போடுகிறேன் என்று மாமி சொன்னதும், சிக்கனமான குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.)

“நான் உண்மையத்தானே சொன்னேன்.”

“உண்மையை உங்களிட்டை ஆர் கேட்டது?”

யாரும் கேட்கவில்லை. அந்த இரவு அவள் சின்னம்மாவின் அறையில் படுத்துக்கொண்டாள். எனக்கு மிச்சமாய் இருந்தது வரவேற்பறை சோபாவும் மாலை போட்ட மாமியின் படமும்தான். படத்தில் மாமி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

காலையில் நான் பால்கனியில் நின்றபோது மாமா வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கீழே தெருவைப் பார்த்தார்.

“தம்பி, அந்தப் பெண் பூச்சி அப்ப எங்கை இருக்கும்?”

மாமா தானாக வந்து என்னிடம் ஒன்று கேட்கிறார். என்னை மன்னித்துவிட்டார் என்று நான் உச்சி குளிர்ந்து போனேன். உச்சி குளிர்ந்தால் எனக்கு வாய் சூடாகிவிடும்.

“ஓக் மரத்துல மாமா. கால்வாய்க்கு அந்தப் பக்கம் காடு இருக்குல்ல, அங்க நிச்சயம் இருக்கும். இருட்டின உடனே அடிமரத்துலேருந்து மேல நடந்து போகும். அது நம்மகிட்ட வராது மாமா. ஆண்தான் தேடிப் போகணும்.”

“ஓம்” என்றார் மாமா. “அதுக்கு வர ஏலாதுதானே.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எவ்வளவு அழகாக விளக்கினோம் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் யாழினியும் நானும் ஊன்ட்றொப் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனோம். முந்தின நாள் சமையலுக்கு வாங்கிய பெரிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. காரில் அவள் என்னோடு பேசவில்லை, பாத்திரங்கள்தான் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. திரும்பி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. சின்னம்மா வாசலிலேயே நின்றார். கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. ஜாக்கெட் இல்லை. போன் மேசையிலேயே கிடக்கிறது.

“என்னட்டை ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. மத்தியானம் மட்டும் அக்காவின்ரை படத்துக்கு முன்னாலை கனநேரம் நிண்டவர்.”

யாழினி என் பக்கம் திரும்பினாள். “அப்பா கடைசியா உங்களோடை என்ன கதைச்சவர்?”

“பூச்சி பத்தி.”

“பூச்சியைப் பற்றி என்ன?”

“பொம்பளைப் பூச்சி எங்க இருக்கும்னு கேட்டாரு. அது வராது, நாமதான் தேடிப் போகணும்னு… ஆண்தான் தேடிப் போகணும்னு சொன்னேன்.”

சொல்லும்போதுதான் என் காதிலேயே அது விழுந்தது. மனைவியை இழந்த ஒரு மனிதரிடம், சாப்பிடாமல் மெலிந்துகொண்டு வரும் ஒருவரிடம், அவ இனி வரமாட்டா, நீங்கதான் போகணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காட்டுக்குப் போகும் வழியில் கால்வாய் இருக்கிறது. மூன்று பேருமே கால்வாய் என்ற சொல்லைச் சொல்லவில்லை. மூன்று பேரும் அதைத்தான் நினைத்தோம். யாழினி என்னைத் திட்டக்கூட இல்லை. கார்ச் சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சின்னம்மா மட்டும் ஒரு நிமிடம் உள்ளே போய்விட்டு, பிளாஸ்க்கில் தேநீரோடு வந்து காரில் ஏறினார். எந்தக் கஷ்டத்துக்கும் அவர் தேநீர் இல்லாமல் போகமாட்டார்.

பாலத்தைத் தாண்டினோம். காட்டோரத்தில் நீல விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. போலீஸ் கார்.

அந்த நேரத்தைப் பற்றி என்னால் வேடிக்கையாக எழுத முடியாது. யாழினி காரை நிறுத்தினாளா, அது தானாக நின்றதா என்று தெரியாது. அவள் “அப்பா” என்று கத்திக்கொண்டு இருட்டுக்குள் ஓடினாள்.

மாமா நின்றுகொண்டிருந்தார். முழுதாக, உயிரோடு, தொழிற்சாலையில் கொடுத்த பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு ஒரு ஓக் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு நடுத்தர வயது ஆணும் ஒரு இளம் பெண்ணும். கொஞ்சம் தள்ளி நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜெர்மன் அம்மாள்.

நடந்தது இதுதான். நாயோடு உலாவ வந்த அந்த அம்மாள், இருட்டில் ஒருவர் மரம் மரமாக டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கண்டு, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். மாமா நல்ல ஜெர்மனில், என் மனைவியைத் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் உடனே போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர் முறைப்படி விசாரித்திருக்கிறார். மாமாவுக்குப் பொய் சொல்லித் தெரியாது. பெயர் கேட்டதும் பெயரைச் சொல்லியிருக்கிறார். வயது கேட்டதும் வயதைச் சொல்லியிருக்கிறார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டதும் “ஒக்டோபரில்” என்றிருக்கிறார். இவ்வளவு நாள் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று அந்தப் போலீஸ்காரர் குரலை இறுக்கிக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் நாங்கள் போய் விழுந்தோம்.

யாழினி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுததில் அவளால் பேச முடியவில்லை. சின்னம்மா “கடவுளே கடவுளே” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஆகவே குடும்பத்தின் சார்பில் விளக்கம் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் ஜெர்மன் ரொட்டி வாங்கப் போதுமானது, இரண்டு வகை ரொட்டி என்றால் கொஞ்சம் சிரமம். இருந்தாலும் முன்னால் போய் நின்றேன்.

“மன்னிக்கவும். இந்தப் பெண்மணிக்குச் சிறகு இல்லை” என்றேன்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

“சாம்பல் நிறம்” என்றேன். நகத்தைக் காட்டி, “இவ்வளவுதான் உயரம். மரத்தில் ஏறுவார்” என்றேன்.

நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை, மரங்களுக்குத்தான் கொடுப்பேன் என்று பதில் சொன்னேன். பதற்றத்தில் வந்துவிட்டது.

அதற்குள் யாழினி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையிட்டாள். கடகடவென்று ஜெர்மனில் சொன்னாள். அம்மா ஒக்டோபரில் இறந்துவிட்டார். நேற்று முப்பத்தோராம் நாள். ஜன்னலில் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது, அம்மாதான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம், அப்பா ஒரு மாதம் கழித்து அப்போதுதான் சாப்பிட்டார். “அது ஆண் என்று இவர் சொல்லிவிட்டார்” என்று என்னைக் கை நீட்டிக் காட்டினாள். அங்கிருந்த டார்ச் எல்லாம் ஒன்றாக என் முகத்துக்குத் திரும்பின. நாயும் என்னைத்தான் பார்த்தது.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். நாய்க்கார அம்மாள் மூக்கைச் சிந்தினார். அந்த இளம் போலீஸ்காரி மட்டும் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தன் டார்ச்சை அடித்து மரப்பட்டையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மரம் பார்த்தாள், அடுத்ததற்குப் போனாள். வேலை நேரத்தில் இருப்பவர்கள் தேடுவதுபோல, ஒழுங்காக, கீழிருந்து மேலாகத் தேடினாள். பிறகு நின்று, மாமாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“இவர்தானா?”

நாங்கள் எல்லோரும் போய்ச் சூழ்ந்துகொண்டோம். பட்டையின் வெடிப்பில், வயிறு பெருத்த ஒரு சின்னஞ்சிறு சாம்பல் பூச்சி மேலே நடந்து போய்க்கொண்டிருந்தது. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துணுக்குகள். சற்றுத் தள்ளி வெளிச்சத்தில் ஆண் அந்துகள் படபடத்துக்கொண்டிருந்தன. அது எதையும் சட்டை செய்யாமல் தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

“ஓம்” என்றார் மாமா. “ஓம் பிள்ளை.”

அவர் மூக்கு மரத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். “பாருங்கோ, நடந்து போறா. ஒரு அவசரமும் இல்லை. பஸ் வந்து நிண்டாலும் உப்பிடித்தான் வருவா. நான் ஓடிப் போய் ஒரு காலைப் படியிலை வைச்சுக்கொண்டு நிப்பன். ட்றைவர் என்னைத்தான் ஏசுவான், அவவுக்குச் சிரிச்சு வணக்கம் சொல்லுவான்.”

“கலியாண வீட்டுக்கும் அக்கா உப்பிடித்தான், தாலி கட்டினாப் பிறகுதான் வருவா” என்றார் சின்னம்மா.

யாழினி சிரித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு. மாமா பேசிக்கொண்டே இருந்தார், மாமி எந்தெந்த பஸ்ஸை எப்படியெல்லாம் விட்டார் என்று. யாழினி நடுநடுவே அதைப் போலீசாருக்கு மொழிபெயர்த்தாள். சின்னம்மா பிளாஸ்க்கைத் திறந்து, “குடியுங்கோ பிள்ளை, குளிருது” என்று தமிழிலேயே உபசரித்தார். அந்தப் பெண் இஞ்சித் தேநீரை வாங்கிக் குடித்தாள். அவளுடைய பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் நான் அங்கே படபடத்துக்கொண்டிருந்த ஆண் அந்துகளைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவை சின்னதாக, மங்கலான பழுப்பாக இருந்தன. முந்தின நாள் ஜன்னலில் இருந்தது இதைவிடப் பெரிது, வெள்ளி மாதிரி ஒரு வெளிறிய நிறம். போனிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடி வழியாக எடுத்த படம். அதாவது நான் பார்த்து முடிவு செய்தது பூச்சியின் வயிற்றுப் பக்கத்தை. ரகசியமாக மார்ட்டினுக்கு அனுப்பினேன்.

வீட்டு வாசலில் கார் நிற்கும்போது பதில் வந்தது. அது பனி அந்து இல்லை. ஹெர்ப்ஸ்ட்ஷ்பானர், இலையுதிர்காலத்தில் எந்தக் காட்டோரத்திலும் பறக்கும் இன்னொரு சாதாரண அந்து. அதில் ஆண், பெண் இரண்டும் பறக்கும்.

யாழினியும் சின்னம்மாவும் புட்டு அவிக்கவேண்டும் என்று முன்னால் படியேறிப் போய்விட்டார்கள். நானும் மாமாவும் பின்னால். சொல்லாமல் விட்டுவிடலாம், அவர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார் என்று முதல் மாடி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. இந்த முறை நிபுணத்துவம் காரணமில்லை. அவருடைய மனைவியை நான் ஜன்னலிலிருந்து விரட்டியிருக்கிறேன், அது அவருக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

“மாமா, நான் தப்பாச் சொல்லிட்டேன். நேத்து வந்தது வேற பூச்சி. இதுல பொம்பளையும் பறக்கும்.”

மாமா படியில் நின்றார். “அப்ப ஜன்னலிலை வந்தது?”

“பொம்பளையாவும் இருக்கலாம் மாமா. ஆனா சும்மா பாத்து உறுதியாச் சொல்ல முடியாதாம். அடுத்த தடவை வந்தா ஒரு லென்ஸ் எடுத்து, அதோட வயித்து நுனிய பிரஷ்ஷால லேசா ஒதுக்கி, கீழ…”

“தம்பி” என்றார் மாமா.

“சொல்லுங்க மாமா.”

“அவ உங்கடை மாமி.”

“ஆமா மாமா.”

“மாமியை மருமகன் உப்பிடியெல்லாம் பாக்கிறதோ?”

நான் அந்தப் படிக்கட்டிலேயே செத்துவிட்டேன். வாயைத் திறந்தேன், முதன்முறையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை. மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மயங்கி விழப்போகிறார் என்று பயந்து தாங்கிப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மாடிப்படி முழுக்க எதிரொலிக்கச் சிரித்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார், சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. மாமி போன பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டேன். என் அப்பாவைக்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை. மேலே சின்னம்மா எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அப்ப காட்டிலை கண்டது ஆர்?” என்று புதிதாக ஒரு கவலையைக் கிளப்பினார்.

“அதுவும் அவதான். ஜன்னலிலை நிண்டதும் அவதான். உமக்கென்ன?” என்றார் மாமா. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வாங்கோ தம்பி, பசிக்குது.”

அன்றைக்கு அவர் புட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யாழினி என் தட்டிலும் புட்டை வைத்தாள். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள், ஆனால் வைத்தாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அந்தப் பூச்சியை நான் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். அந்த வீட்டில்தான் அதற்கு அனுமதியில்லை. நவம்பரில் நாங்கள் ஹாமுக்குப் போகும்போது, ஏதாவது ஒரு சாயங்காலம் குசினி ஜன்னலில் வெள்ளிச் சாம்பலாய் ஒன்று வந்து ஒட்டும். உடனே எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே, “தம்பி, நீங்கள் அங்காலை திரும்புங்கோ” என்பார்.

நான் திரும்பிக்கொள்வேன். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவன், குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தபடி கைகட்டி நிற்பேன். சின்னம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விடுவார். என் முதுகுக்குப் பின்னால் மாமா தாழ்ந்த குரலில் மாமியோடு பேச ஆரம்பிப்பார். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பெடியன் எங்கே வேலைக்குச் சேர்ந்தான், கறிக்கு இன்று உப்புக் கூடிவிட்டது எல்லாம் சொல்வார். போன நவம்பரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவே நிறுத்தினார். பூச்சி கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும்.

“நீர் ஒண்டுக்கும் யோசியாமல் இரும்” என்றார் மெதுவாக. “அவர் அங்காலை திரும்பித்தான் நிக்கிறார்.”